வராத ஸ்கோரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 1 அன்று, பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளம் திறந்தால் போதும், நம் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். "பையன் அக்டோபரில் மறுபடி எஸ்.ஏ.டி. எழுதுகிறான். நவம்பர் 1-க்கு எர்லி போட்டுவிடலாமா, ஸ்கோர் வரட்டும் என்று ரெகுலருக்குத் தள்ளலாமா?" எஸ்.ஏ.டி. என்பது கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு. எர்லி என்றால் முன்கூட்டியே விண்ணப்பிப்பது, ரெகுலர் என்றால் அதற்குப் பிந்தைய வழக்கமான சுற்று. கல்லூரி விண்ணப்பங்களில் பிள்ளைகளுக்கு உதவிவரும் நாங்கள் சொல்வது இதுதான்: இன்று கையில் இருக்கும் ஸ்கோரை வைத்து முடிவெடுங்கள். வரப்போவது கூடினால் நல்லது. கூடாவிட்டாலும் உங்கள் முடிவு நிற்க வேண்டும்.

எர்லி என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது. எர்லி ஆக்‌ஷன் என்றால் சீக்கிரம் போட்டுச் சீக்கிரம் பதில் வாங்குவது, அவ்வளவுதான். இடம் கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம். பர்டூ, இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பேன் வளாகம் எல்லாம் இந்த வகை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு நடத்துவது கட்டுப்பாடுள்ள எர்லி ஆக்‌ஷன்: சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் மற்ற தனியார் கல்லூரிகளுக்கு எர்லி போட முடியாது. எர்லி டிசிஷன் முற்றிலும் வேறு. ஒரே ஒரு கல்லூரி. மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்திட வேண்டும். டிசம்பர் நடுவில் இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் விலக்கிக்கொண்டு அங்கேயே சேர வேண்டும்.

ஆகவே எர்லி ஆக்‌ஷனுக்கு இந்தக் கவலையே பெரிதாக வேண்டியதில்லை. விண்ணப்பம் தயாராக இருந்தால் போட்டுவிடுங்கள். திறமையைப் பார்த்துத் தரும் மெரிட் உதவித்தொகையை எர்லி தேதியோடு கட்டிவைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அங்கே ஸ்கோருக்காகக் காத்திருந்து தேதியைத் தவறவிட்டால் நட்டம் ஆயிரக்கணக்கான டாலர்.

இனி நாள்காட்டி. எஸ்.ஏ.டி. ஸ்கோர் பொதுவாக இரண்டு வாரத்தில் வந்துவிடும். ஆகஸ்டில் எழுதியது செப்டம்பர் முதல் பாதிக்குள் கையில் இருக்கும். அக்டோபர் முதல் வாரத் தேர்வின் ஸ்கோர் அக்டோபர் நடுவில் வரும், நவம்பர் 1-க்கு அது போதும். ஆனால் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எர்லி ஆக்‌ஷனும், ஜார்ஜியா மாநிலத்துப் பிள்ளைகளுக்கான ஜார்ஜியா டெக் முதல் சுற்றும் அக்டோபர் 15-லேயே முடிந்துவிடுகின்றன. இரண்டும் ஸ்கோர் கட்டாயம் கேட்பவை. அங்கே ஆகஸ்ட் ஸ்கோர்தான் துணை. டெக்சஸில் வகுப்பின் முதல் 5 விழுக்காட்டில் இருப்பதால் ஆஸ்டினில் இடம் உறுதி என்று இருந்துவிடும் பெற்றோர் கவனிக்க: உறுதியாவது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டுமே. கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற பாடப்பிரிவு தனிப் போட்டி, ஸ்கோரும் அங்கே எடைபோடப்படும்.

எஸ்.ஏ.டி.க்கு மாற்றான ஏ.சி.டி. தேர்வை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். ஸ்கோர் இரண்டு வாரத்தில் வரலாம், எட்டு வாரம் வரை இழுக்கவும் இழுக்கலாம். அக்டோபர் ஏ.சி.டி.யை நம்பி நவம்பர் 1 திட்டம் போடாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, விண்ணப்பத்தின் கடைசி நாளும் கல்லூரி ஏற்கும் கடைசித் தேர்வு நாளும் வெவ்வேறு என்பது. நவம்பர் 1-க்கு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, நவம்பர் தொடக்கத்தில் எழுதிய தேர்வின் ஸ்கோரையும் எர்லி சுற்றுக்கே சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. அக்டோபரோடு கதவை மூடுகிறவையும் உண்டு. ஒவ்வொரு கல்லூரியின் அட்மிஷன் பக்கத்திலும் தேர்வு விதிகள் என்ற பகுதியில் இது எழுதப்பட்டிருக்கும். இந்த ஆண்டுக்கான பக்கம்தானா என்று பாருங்கள், ஏனென்றால் விதிகள் வேகமாக மாறுகின்றன. எம்.ஐ.டி. 2022-லேயே ஸ்கோரை மறுபடி கட்டாயமாக்கியது. 2024-ல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்டு வரிசையாக அதையே அறிவித்தன. பள்ளியில் எழுதும் ஏ.பி., ஐ.பி. என்ற உயர்நிலைத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் யேல் ஏற்கிறது. கொலம்பியாவில் விருப்பம் இருந்தால் தரலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ அட்மிஷன் முடிவுக்கு ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை. அண்ணன் காலத்து விதியைத் தங்கைக்குப் பொருத்தினால் தப்பாகிவிடும்.

அடுத்த கேள்வி, இருக்கிற ஸ்கோர் போதுமா? இதற்கு ஊர்ப் பேச்சைக் கேட்க வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி9 என்ற பகுதியில் சேர்ந்த மாணவர்களின் நடுப் பாதியினர் எந்த மதிப்பெண்ணுக்குள் இருந்தார்கள், எத்தனை விழுக்காட்டினர் ஸ்கோர் அனுப்பினார்கள் என்று இருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நாற்பது விழுக்காட்டினரே அனுப்பியிருந்தால், குறைந்த ஸ்கோர் உள்ளவர்கள் மறைத்துவிட்டார்கள் என்று பொருள். அந்த எண்கள் வகுப்பின் உண்மையான நிலையைவிட உயரமாகத் தெரியும். பொறியியலுக்குப் போடுகிறவர்கள் கணிதப் பிரிவின் எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

எண்ணை வைத்தே சொல்கிறோம். கல்லூரியின் நடுப் பாதி 1490 முதல் 1560 வரை, பிள்ளையிடம் இருப்பது 1520 என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் 1550 வந்தாலும் முடிவு மாறாது. மறுதேர்வைக் கைவிட்டு அந்த வாரங்களைக் கட்டுரைகளுக்குக் கொடுங்கள். கையில் 1430 இருந்தால் நிலைமை வேறு. ஸ்கோர் கட்டாயமான கல்லூரி என்றால், 1500 வரும் என்ற நம்பிக்கையில் முதல் சுற்று எர்லி டிசிஷன் வாய்ப்பை அங்கே செலவழிக்க வேண்டாம். தேர்வுக்குத் தேர்வு சில பத்துப் புள்ளிகள் ஏறி இறங்குவது இயல்பு. வீட்டில் போட்ட மாதிரித் தேர்வின் உயர்ந்த மதிப்பெண் ஸ்கோர் ஆகாது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு எர்லி டிசிஷன் இரண்டாம் சுற்று இருக்கிறது. அந்தச் சுற்றை நடத்தும் கல்லூரிகளில் ஜனவரி தொடக்கமோ நடுவோதான் கடைசி நாள். டிசம்பர் தேர்வின் ஸ்கோர்கூட அதற்குள் வந்துவிடும்.

ஸ்கோர் தருவது நம் விருப்பம் என்று விட்டிருக்கும் கல்லூரிகளில், அதைப் பார்க்கலாமா வேண்டாமா என்று காமன் ஆப் கல்லூரிவாரியாகக் கேட்கும். சமர்ப்பித்த பிறகு, விண்ணப்பதாரருக்கான கல்லூரியின் இணையக் கணக்கான போர்ட்டலில் மாற்ற விடுகிறவர்கள் சிலர், விடாதவர்கள் சிலர். அதனால் கட்டுரைகள் உட்பட எல்லாவற்றையும் அக்டோபர் 10-க்குள் முடித்து வையுங்கள். ஸ்கோர் வந்த பிறகு அந்த ஒரு கேள்வியை நிரப்பி அனுப்பலாம். எழுதப்போகும் தேர்வின் நாளைக் குறிக்கும் இடமும் அங்கே இருக்கிறது. அனுப்பும் எண்ணம் உறுதியாக இல்லை என்றால் அதை வெறுமையாக விடுவதே நல்லது.

எஸ்.ஏ.டி. எழுதியவர் தேர்வு முடிந்து ஒன்பது நாளுக்குள் நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக ஸ்கோர் அனுப்பலாம். ஆனால் என்ன மதிப்பெண் என்று தெரியாமலேயே அனுப்புவது அது. பெரும்பாலான கல்லூரிகள் முதலில் மாணவரே பதிவு செய்யும் ஸ்கோரை ஏற்று, சேரும்போதுதான் அதிகாரபூர்வ அறிக்கை கேட்கின்றன. அப்படியிருக்க இந்த இலவசத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

அதிகாரபூர்வ அறிக்கை கேட்கும் இடங்களில் நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல், பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பள்ளியில் இனிஷியல், எஸ்.ஏ.டி. நடத்தும் காலேஜ் போர்டு கணக்கில் இரண்டும் இடம் மாறி. பெயரும் பிறந்த நாளும் பொருந்தாவிட்டால் அறிக்கை விண்ணப்பத்தோடு சேராமல் தனியே கிடக்கும், போர்ட்டலில் "ஸ்கோர் வரவில்லை" என்றே காட்டும். காலேஜ் போர்டு, காமன் ஆப், பள்ளிப் பதிவு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

ஸ்கோரைவிட எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது பணம். எர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் மற்ற கல்லூரிகளின் உதவித்தொகையோடு ஒப்பிட வழியில்லை. உதவி போதவில்லை என்றால் விலக அனுமதி கேட்கலாம்தான். ஆனால் அந்த வேளையில் கையில் வேறு இடம் இல்லாமல் போகலாம். கையெழுத்துக்கு முன் உதவி போக நாம் கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிட்டுக் காட்டும், கல்லூரித் தளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் உங்கள் உண்மையான வருமானத்தை இட்டுப் பாருங்கள். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பங்கள் ஒரு படி மேலே போக வேண்டும். அவர்களைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. பல கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் அவர்களை வெளிநாட்டு மாணவராகவே வைக்கின்றன. கால்குலேட்டர் காட்டும் தொகை அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் சேர்ப்பும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல் டிஃபர் என்று வந்தால், புதிய ஸ்கோருக்கு அப்போதுதான் உண்மையான வேலை. எர்லி டிசிஷனின் கட்டாயம் அந்த நிமிடமே நீங்கிவிடுகிறது. டிசம்பர் தேர்வின் ஸ்கோர் முந்தையதைவிடக் கூடியிருந்தால் போர்ட்டலில் ஏற்றிவிட்டு, முதல் செமஸ்டர் மதிப்பெண்களை உடனே அனுப்பும்படி கவுன்சிலரிடம் சொல்லுங்கள். அந்த டிசம்பர் தேர்வுக்கான பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடும். கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதி போன்ற இடங்களில் இருக்கைகள் அதற்கும் வெகு முன்பே தீர்ந்துவிடுகின்றன. தேவைப்படும் என்று தோன்றினால் செப்டம்பரிலேயே இருக்கையைப் பிடித்து வையுங்கள்.

அக்கறையுடன்,
கல்லூரி விண்ணப்பத்தில் உதவும் தன்னார்வலர்கள்