முகப்புக்காக வரையப்படும் பால்கனிகள்

வீடுகளை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர்களுக்கு,

வணக்கம். உங்கள் முப்பரிமாணப் படங்களில் பால்கனிகள் அழகாகத்தான் இருக்கின்றன. கண்ணாடித் தடுப்பு, தொட்டிச் செடிகள், கையில் கோப்பையோடு ஒரு பெண். அந்தப் பெண் எப்போதும் நின்றுகொண்டேதான் இருக்கிறார். உட்கார அங்கே இடம் கிடையாது.

மூன்றடி அகலத்தில் நாற்காலி போட்டால் காலை நீட்ட முடியாது, இன்னொருவர் தாண்டிப் போகவும் முடியாது. ஐந்தடி இருந்தால் இரண்டு பேர் வசதியாக உட்காரலாம். ஆறடி என்றால் சின்ன மேசையும் சேரும். இடத்துக்கு எங்கே போவது என்பீர்கள். சரி, மூன்று அறைக்கும் மூன்று குட்டி பால்கனி வைப்பதை விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் உருப்படியாக வைக்கலாமே? முகப்பு சீராகத் தெரியவேண்டும் என்று மூன்றையும் வைக்கிறீர்கள். கடைசியில் அவை ஏசியின் வெளி யூனிட்டுக்கும் காலி அட்டைப்பெட்டிகளுக்கும் போய்ச் சேர்கின்றன. தப்பித்தவறி யாராவது அங்கே உட்கார்ந்தால், யூனிட் கக்கும் அனல் முகத்தில் அடிக்கும். துணி காயப்போட ஒரு மூலையைக்கூட வரைபடத்தில் நீங்கள் குறிப்பதில்லை. கொடியில் துணி தொங்கினால் படம் கெட்டுப்போகும்தான். ஆனால் குடியிருப்பவர்கள் துணி துவைப்பார்களே!

எல்லாத் திசைக்கும் ஒரே பால்கனியை நகலெடுத்து ஒட்டுவது இன்னொரு தொல்லை. மேற்குப் பக்கம் தலைக்கு மேலே தளத்தை எவ்வளவு நீட்டினாலும், மாலை வெயில் தாழ்வாக வந்து உள்ளே நுழைந்துவிடும். அங்கே வேண்டியது செங்குத்தான மறைப்பு: ஜாலி எனப்படும் துளைகள் நிறைந்த சுவர், திருப்பி வைக்கக்கூடிய பலகை, படரும் கொடி, எதுவானாலும் சரி.

தடுப்புக் கம்பிகளைப் படுக்கைவாட்டில் வைப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. பார்வைக்கு நன்றாக இருக்கும். குழந்தைக்கோ அது ஏணி. கம்பிகள் நின்றவாக்கில் இருக்கட்டும், இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டவேண்டாம். கண்ணாடிதான் வேண்டுமென்றால் லேமினேட் செய்ததை, அதாவது நடுவில் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடியைப் போடுங்கள். வெறும் டஃபன்டு (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி உடைந்தால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கீழே கொட்டி, தடுப்பே இல்லாமல் போய்விடும்.

சுவரிலிருந்து வெளியே நீளும் தளத்துக்கு முதன்மைக் கம்பி மேல்பக்கம் வரவேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கான்கிரீட் கொட்டும் அன்று ஆட்கள் அதன்மேல் நடந்து கம்பியைக் கீழே அமுக்கிவிட்டால், காகிதத்தில் இருந்த பலம் தளத்தில் இருக்காது. அன்றைக்காவது நேரில் வந்து நில்லுங்கள்.

அப்புறம் மொட்டை மாடி. மேலே எப்படி வாழப்போகிறோம் என்பதை யோசிக்கும் முன்பு தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதை முடிவு செய்யுங்கள். தரையில் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். அறையும் மாடியும் ஒரே மட்டத்தில் இருந்தால் பார்க்க விசாலமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சருகு வடிகுழாயை அடைத்தால் போதும், மழைத்தண்ணீர் கட்டிலுக்கடியில் வந்து நிற்கும். அதனால் வாசலில் ஒரு படி உயரம் வையுங்கள். கைப்பிடிச்சுவரில், வாசல் மட்டத்துக்குக் கீழே, உபரி நீர் வழிய ஒரு துளையும் விடுங்கள். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு தரையோடு நின்றுவிடாமல் சுவரில் 15 சென்டிமீட்டராவது ஏறவேண்டும். ஓதம் பெரும்பாலும் சுவரும் தரையும் சேரும் அந்த மூலையில்தான் தொடங்குகிறது. ஓடு பதிக்கும் முன்பு தண்ணீரைத் தேக்கி ஒருநாள் முழுக்க விட்டுப் பாருங்கள். கசிவதாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

மாடித் தோட்டம் என்று விளம்பரத்தில் எழுதுகிறீர்களே, அதன் எடையைக் கணக்கில் சேர்த்தீர்களா? 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நனைந்த மண் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ வரும். நடமாட்டத்துக்காக மட்டும் கணக்கிட்ட தளம் அதைச் சுமப்பதற்கானதல்ல. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியைத் தூணுக்கு மேல் வைப்பதும் தளத்தின் நடுவில் வைப்பதும் ஒன்றல்ல. வீடு வாங்கியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சாவி கொடுக்கும்போது, மாடி எவ்வளவு எடை தாங்கும், எந்த இடத்தில் பாரம் வைக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதையே மாடிக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள். வீடு கைமாறினாலும் அடுத்து வருபவர் படிப்பார்.

இப்படிக்கு,
குடியிருக்கும் ஒருவர்