குஞ்சியப்பு, நுகம் என்னட்டைத்தான் கிடக்கு

குஞ்சியப்பு,

எங்கட மாட்டு வண்டிலைக் குடுத்திட்டன். ஆருக்கு, எவ்வளவுக்கு எண்டது உங்களுக்குத் தெரியும். அதாலதானே போனை எடுக்கிறியள் இல்லை. வேறை வழியில்லாமல் நாலுபேர் பாக்க எழுதுறன்.

போரிலை செத்த மிருகங்களுக்கு லண்டன் ஹைட் பார்க் ஓரத்திலை வைச்ச நினைவுச்சின்னத்தின்ர படம் அனுப்பினியள். பாரம் சுமந்த ரெண்டு வெண்கலக் கோவேறு கழுதை, ஒரு குதிரை, ஒரு நாய். 2004 இலை திறந்தது. "அவைக்கு வேறை வழி இருக்கேல்லை" எண்டு கல்லிலை வெட்டியிருக்கு. முதலாம் உலகப் போரிலை மட்டும் குதிரை, கழுதை எண்டு 80 லட்சம் செத்ததாய்க் கணக்குச் சொல்லுவினம். 1944 இலை பிரிட்டிஷ் படை பர்மாக் காட்டுக்குள்ளை கொண்டுபோன கோவேறு கழுதையளுக்குக் குரல்நாணை அறுத்து விட்டவங்கள், கத்தி எதிரிக்குக் காட்டிக் குடுத்திடும் எண்டு. படத்துக்குக் கீழை நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான்: "எங்கட சோடிக்கு எங்கை கல்லு?"

கேக்கிறது சுகம். நெடுந்தீவிலை ஒல்லாந்தன் குதிரைக்கு லாயம் கட்டினான். பிறகு வெள்ளைக்காரன் காலத்திலை நோலன் துரை அங்கை குதிரை வளர்ப்பைப் பாத்தார். துரைமார் போயிட்டினம். முருகைக்கல் தூணும் குதிரையளின்ர வம்சமும் மிஞ்சிக் கிடக்கு. வறட்சி வந்தால் தண்ணியில்லாமல் சாகுதுகள். வேலை முடிஞ்சால் அவிட்டு விடுறது எங்கட ஊருக்குப் புதுசில்லை.

சரி, என்ர பிழைக்கு வாறன். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்துச் சனம் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த இரவு, பாரம் ஏத்தினது நான். மயிலையும் சிவலையும் வண்டில் சவாரிப் போட்டிக்கு வளத்த மாட்டுச் சோடி. சவாரி மாட்டைப் பழக்கிறது லேசான வண்டிலோடை கொஞ்சத் தூரம் பறக்கிறதுக்கு. பாரமாட்டுக்கு வருசக்கணக்காய் இழுத்துக் காய்ச்ச கழுத்து, அதுகளுக்கு இல்லை. லாடமும் இல்லை. மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கிறபடியால் ஒரு காலுக்கு ரெண்டு, ஒரு மாட்டுக்கு எட்டு லாடம் வேணும். மழையிலை ஊறின குளம்பு தார் றோட்டிலை அரமிலை வைச்ச மாதிரித் தேயும், வழுக்கும். இதெல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் ரெண்டு மூடை அரிசி, ரங்குப்பெட்டி, தையல் மெசின், ஆச்சி எண்டு ஏத்தினன். ஆச்சியை வேறை எப்பிடிக் கொண்டுபோறது? சொல்லுங்கோ. மெசினை விட்டிருக்கலாம் எண்டுறியள், விட்டிருக்கலாம்தான்.

நாவற்குழிப் பாலத்தடியிலைதான் அது நடந்தது. செம்மணி வெளியிலிருந்தே ஓரடி நகர்றது, நிக்கிறது. உருளுற வண்டிலை இழுக்கிறது மாட்டுக்குப் பெரிசில்லை. நிண்ட வண்டிலைக் கிளப்பேக்கைதான் கழுத்திலை முழு அடியும் விழும். அந்த இரவு எத்தினை தரம் கிளப்பினது? போதாததுக்கு மூடை ரெண்டும் முன்னுக்குச் சரிஞ்சு முன்பாரமாய்ப் போச்சு. பின்பாரமெண்டால் நுகம் மேலை எழும்பி, மாட்டின்ர கழுத்தை நுகத்தோடை சேத்துக் கட்டிற பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரமெண்டால் நுகம் கழுத்திலை குந்தும். ஈரத் தோலிலை ஈர நுகம் குந்தினால் தோல் உரியும். நான் மடிச்சு வைச்ச சாக்கும் மழையிலை சுருண்டு கயிறாய்த்தான் அறுத்தது.

இடத்தைப் பக்கம் நிண்ட சிவலை முழங்காலிலை விழுந்துது. விழுந்த மாட்டுக்கு முதல் பூட்டாங்கயிற்றை அவிக்கவேணும். அவிக்காட்டில் நுகத்தோடை தலை தொங்கி மூச்சடைக்கும். நான் வாலை முறுக்கினன். நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. இடுப்புக் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டிப்போட்டு, நுகத்துக்குக் கீழை உங்கட தோளைக் குடுத்தியள். பக்கத்திலை மயிலை, இந்தப் பக்கம் நீங்கள். உங்கட சறம் மட்டும் எனக்கு இப்பவும் தெரியுது, தொடைவரைக்கும் சேறு. பின்னாலை ஆர் கத்தினது, முன்னாலை ஆர் மறிச்சது எண்டதை இஞ்சை எழுதேலாது. ஆர் ஆர் வாசிக்கினமோ தெரியாது. அண்டைக்கு அந்த றோட்டிலை வந்த எல்லாருக்கும் அது விளங்கும்.

வாலை முறுக்கினதுக்கு உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறன்.

ஆனால் மூண்டாம் நாள் சாவகச்சேரியிலை அதே கழுத்திலை நுகத்தை வைச்சது நானில்லை. நுகப்புண் முதலிலை வீங்கிச் சுடும். அந்த நேரம் விட்டால் ஆறும். உப்புத் தண்ணியாலை கழுவி, இலையான் மொய்க்காமல் வேப்பெண்ணெய் பூசி, ரெண்டு மூண்டு கிழமை நுகமே காட்டக்கூடாது. எனக்கு இதைப் படிப்பிச்சதே நீங்கள்தான். தண்ணி அள்ளவேணும் எண்டு பூட்டினியள். சனத்துக்குத் தண்ணி வேணும்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்குப் பிறகு புழு வைச்சுது. நீங்கள் கொடிகாமத்திலை ரெண்டையும் அவிட்டு விட்டிட்டு வந்து, "மேயுதுகள்" எண்டு சொன்னியள். நானும் ஒண்டும் கேக்கேல்லை.

இதுக்குக் கல்லு வைச்சு என்ன எழுதுறது? ஆற்ற பேரிலை வைக்கிறது? பணத்துக்கு ஆசைப்பட்டு வித்ததெண்டு மாமியிட்டைச் சொன்னியளாம். வண்டில் உளுக்கத் தொடங்கியிட்டுது, குஞ்சியப்பு. சில்லிலை இரும்புப் பட்டம் கழண்டு ஆடுது. திரும்பக் காச்சிப் பூட்டத் தெரிஞ்ச ஆள் இஞ்சை இப்ப இல்லை. வாங்கினவன் சவாரிக்காரப் பொடியன், நல்ல மரத்தைக் கழட்டி எடுப்பான்.

நுகத்தைக் குடுக்கேல்லை. அவன் கூடக் காசு தாறன் எண்டான். வலத்தைப் பக்கத்துக் கயிறு எப்பவோ போட்டுது. இடத்தைப் பக்கம் நீங்கள் வெட்டின துண்டு முடிச்சோடை கிடக்கு. தொட்டால் உதிரும். பார்சலிலை அனுப்பேலாது, வந்துதான் பாக்கவேணும்.