வயிறு நிறையத் தண்ணீர்

பாலக்கோடு,
ஞாயிறு ராத்திரி.

கண்ணு,

நீ எஸ்.பி.ஐ. பரீட்சை பாஸ்னு சொன்னதும் உங்கப்பா, "பேங்க் வேலையா?"ன்னு கேட்டார். அமெரிக்காவுல சத்தத்தை உடம்புக்குள்ள அனுப்பி ஸ்கேன் எடுக்கிறவங்க எழுதற இயற்பியல் பரீட்சைன்னு புரியவைக்கிறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு. உடம்புக்குள்ள சத்தம் நொடிக்கு 1540 மீட்டர் ஓடும்னு நீ ஒப்பிச்சு ஒப்பிச்சு எனக்கே மனப்பாடம்.

ஆனா அன்னிக்கு இன்னொண்ணு சொன்னே. காத்து சத்தத்தை உள்ளே விடாது, மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா குடல் ஒதுங்கி, தண்ணி வழியா கர்ப்பப்பை தெளிவாத் தெரியும்னு. அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமில்லை.

1999. உங்க அக்காவுக்கு ரெண்டு வயசு, நீ வயித்துல. ஆயா என்னை பஸ் ஏத்தி தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எந்த இடம்னு எழுதமாட்டேன். ஆணா பொண்ணான்னு சொல்லக்கூடாதுன்னு 1994-லயே சட்டம் போட்டாச்சு. பணம் குடுத்தா சொல்லிடுவாங்கன்னு ஊர்ப் பேச்சு. ஒரு சொம்புத் தண்ணி குடிக்கச் சொன்னாங்க. குடிச்சேன். பேர் கூப்பிடறதுக்குள்ள பின்னாடி புளியமரத்து மறைவுக்குப் போயிட்டு வந்துட்டேன். உள்ளே இருந்தவர் அழுத்தி அழுத்திப் பார்த்துட்டு, "ஒண்ணும் சரியாத் தெரியல, நாளைக்கு வாங்க"ன்னு எரிஞ்சு விழுந்தார். மறுநாள் எனக்குக் காய்ச்சல். பொய்க் காய்ச்சல்தான். அப்புறம் தக்காளி பறிப்பு வந்துடுச்சு, யாருக்கும் நேரமில்லை.

ஏன் அப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியாது. தண்ணி எதுக்குன்னு தெரிஞ்சா செஞ்சேன்? பயந்துதான் எந்திரிச்சுப் போனேன்.

ஆயாவை வையாதே. வேண்டாம்னு நினைக்கிற பொண்ணுக் குழந்தையைக் கொல்லாம தொட்டில்ல விட்டுட்டுப் போகச் சொன்ன சர்க்காரோட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல நம்ம ஜில்லாவுக்கும் வந்தப்போ, அந்தத் தொட்டிலைப் பார்த்துட்டு வந்து அன்னிக்கு முழுக்க உன்னை மடியை விட்டு இறக்கலை. ஒரு வார்த்தை பேசவுமில்லை.

அங்கே ஜோடியா வந்து உன்கிட்டயே கேட்பாங்களாமே, என்ன குழந்தைன்னு. நீ சொல்றப்போ எப்படி இருக்கும் உனக்கு? அடுத்த தடவை பேசறப்போ சொல்லு.

தோள் வலிக்குதுன்னியே, கையை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதே. படுத்திருக்கிறவங்களைக் கிட்டத்துல நகரச் சொல்லு, கூச்சப்படாதே. களத்துல கேழ்வரகு அடிச்ச தோள் என்னோடது, அந்த வலி எப்படி ஆரம்பிக்கும்னு எனக்குத் தெரியும்.

கேழ்வரகு மாவு ரெண்டு கிலோ பார்சல் போட்டிருக்கேன். களி கிண்டத் தெரியலன்னா வீடியோ போடு.

அம்மா