சோலார் விற்க வருகிறவர்களே, முதலில் எங்கள் கரண்ட் பில்லைக் கேளுங்கள்

வீடுகளுக்கு சோலார் போட்டுத்தரும் தமிழ்நாட்டு நிறுவனத்தாருக்கு வணக்கம்.

போன சித்திரையில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் போட்டோம். ஒருநாள் மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. மேலே பேனலில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சூடு. கீழே ஃபேன் நின்றுவிட்டது. "வெயில் இந்தக் காய்ச்சு காய்ச்சுது, உன் சோலாருக்கு என்னடா வந்துச்சு?" என்று கேட்டார் அம்மா, பனை விசிறியைத் தேடிக்கொண்டே. போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். "ஆன்கிரிட் சார், ஈபி லைனோட சேர்ந்து ஓடுறது, லைன்ல கரண்ட் இல்லேன்னா இதுவும் நின்னுடும்" என்றார். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு, நியாயம்தான். ஆனால் அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லியிருந்தால், பேட்டரி வேண்டுமா என்று அன்றைக்கே யோசித்திருப்போமே!

உங்கள் நோட்டீஸில் 'மானியம் போக' என்ற விலைதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000. அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். அந்தப் பணமும் பேனல் மாட்டி, நாம் எடுக்கும் கரண்டையும் லைனுக்குக் கொடுக்கும் கரண்டையும் அளக்கும் இருவழி மீட்டர் வைத்து, மின்வாரியம் வந்து பார்த்துப்போன பிறகுதான் எங்கள் கணக்கில் விழும். அதுவரை முழுத்தொகையும் எங்கள் கையைக் கடிக்கும், அல்லது பேங்க் கடனில் நிற்கும். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இல்லாவிட்டால் மானியமே கிடையாது என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுங்கள்.

இனி முக்கியமான சங்கதி. 'பில் ஜீரோ' என்கிறீர்களே, யாருடைய பில்? நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2,048-ஐத் தாண்டிவிடும். 800 யூனிட் என்றால் 4,770. எங்கள் வீடு இந்த ரகம்: இரண்டு ஏசி, ஒரு போர் மோட்டார். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட் என்றால், 3 கிலோவாட்டில் இரண்டு மாதத்துக்கு 720 வரும். மிச்சம் 80, இலவசத்துக்குள் அடக்கம். மானியம் போக 1,17,000 ரூபாய் போட்டேன். தோராயமாக நாலு வருஷத்தில் எடுத்துவிடலாம்.

எடுக்கலாம் என்கிறேன், எடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. காரணம், தண்ணீர்த் தொட்டி. இடம் பார்க்க வந்தவர் காலை பத்து மணிக்கு வந்தார், போட்டோ எடுத்தார், போய்விட்டார். மூன்று மணிக்கு மேல் தொட்டியின் நிழல் ஓரத்துப் பேனலில் சாய்கிறது. வரிசையாகக் கோத்திருப்பதால் மொத்த உற்பத்தியும் சுணங்குகிறது. சாயங்காலம் ஒருமுறை மாடி ஏறிப் பார்ப்பதற்கு என்ன செலவு?

வடாம் காயப்போட, துணி உலர்த்த இடம் வேண்டும் என்று ஸ்டாண்டை உயர்த்தச் சொன்னால், அதற்கான கூடுதல் தொகை கடைசி நாளில்தான் வாயில் வருகிறது. அதையும் முதல்நாளே சொல்லலாம்.

எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், பில் 1,175 ரூபாய். என்னைப் பார்த்து அவரும் 3 கிலோவாட் போட்டால், போட்ட காசு திரும்பப் பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகும். அவருக்கு 1 கிலோவாட்டே தாராளம். யூனிட்டுக்கான கட்டணம் நூற்றைம்பதுக்குள் அடங்கிவிடும். உங்களில் மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறார். யார் அவரிடம் பழைய பில்லைக் கேட்கிறீர்கள் என்று மதில் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்