பிரசவ அறைக்கு ஓர் அளவு விரிப்பு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

2023-ல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உலகில் சுமார் 2,60,000 பெண்கள் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. நாளொன்றுக்கு 700-க்கும் மேல். பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை. காரணங்களில் முன்னால் நிற்பது உதிரப்போக்கு. எங்கள் குழு கையில் எடுத்திருப்பது அதைத்தான்.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் கருப்பை கல்லாக இறுக வேண்டும். துவண்டு கிடந்தால், நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்திலிருந்து இரத்தம் கொட்டும். எவ்வளவு போனது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. துணி கொஞ்சம் குடிக்கும், பஞ்சு கொஞ்சம் குடிக்கும், மீதி பனிக்குட நீரோடு வாளிக்குப் போய்விடும். கைதேர்ந்த செவிலியரும் குறைத்தே மதிப்பிடுவார். இரத்தசோகை உள்ள தாய்க்கோ, குறைந்த இழப்பே உயிருக்கு உலை வைத்துவிடும்.

இதற்குத்தான் அளவு விரிப்பு. இடுப்புக்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள். நுனியில் கூம்புப் பை, பையில் மில்லி லிட்டர் கோடுகள். குழந்தை பிறந்த பிறகே பையைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பனிக்குட நீரும் கணக்கில் சேர்ந்துவிடும். 300 மில்லி தாண்டி நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ மாறினாலும், 500 மில்லியைத் தொட்டாலும் உடனே சிகிச்சை. கருப்பையை நீவிவிடுதல், கருப்பையை இறுக்கும் ஆக்சிடோசின், இரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன், காயமோ நஞ்சுக்கொடித் துண்டோ உண்டா என்ற பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். ஒன்று பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்தான் நேரம் கைவிட்டுப் போகிறது. நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், இப்படிச் செய்த இடங்களில் 1,000 மில்லிக்கு மேற்பட்ட இழப்பு, அதனால் நேரும் வயிற்று அறுவை, இறப்பு மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

ஒவ்வொரு பிரசவ அறையிலும் ஒரு அவசரப் பெட்டி வைக்கிறோம். அதில் 500 மில்லிகிராம் டிரானெக்சாமிக் குப்பி 4 (முதல் வேளைக்கு 1 கிராம், 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டும், பிறந்து 3 மணி நேரத்துக்குள்), ரிங்கர் லாக்டேட் (சலைன் போல ஏற்றும் திரவம்) 1 லிட்டர் பை 2, பெரிய துளை ஊசிக்குழல் 2, சிறுநீர்க் குழாய் 1 இருக்கும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கருப்பை இறுகாது. அவசரத்தில் பலரும் மறப்பது இந்தக் குழாயைத்தான்.

ஆக்சிடோசினைப் பெட்டியில் வைக்க மாட்டோம். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வெப்பத்தில் வீரியம் போனாலும் குப்பியில் நீர் தெளிவாகவே தெரியும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வெப்பமானியோடு சிறு குளிர்பெட்டி ஒன்று தேவை. அவசரப் பெட்டியின் மூடியில் குளிர்பெட்டி இருக்கும் இடத்தைச் சிவப்பு அட்டையில் எழுதி ஒட்டுவோம்.

குளிர்பெட்டி ஒருமுறைச் செலவு. விரிப்பு அப்படியில்லை. யாருக்கு இரத்தம் கொட்டும் என்று முன்கூட்டித் தெரியாததால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக ஒன்று வேண்டும். மாதம் 100 பிரசவம் நடக்கும் அறைக்கு ஆண்டுக்கு 1,200. இப்படிப்பட்ட திட்டங்கள் நொடிப்பது இங்கேதான். முதல் தொகுதி தீர்ந்ததும் பழைய வாளி திரும்பி வந்துவிடும். ஆகவே பெருந்தொகை ஒருமுறை தருவதைவிட, சிறுதொகை மாதாமாதம் தருவதையே மிகவும் வேண்டிக் கேட்கிறோம். ஓர் அறைக்கு இரண்டாண்டு விரிப்புக்கான உறுதி சேர்ந்த பிறகே அங்கே தொடங்குவோம்.

மருந்தாகத் தர வேண்டாம். காலாவதித் தேதியும் குளிர்ச்சியும் எங்கள் கணக்கில் நிற்க வேண்டும். பணமாகத் தாருங்கள், ரசீது தருவோம். எந்த அறைக்கு எத்தனை விரிப்பு போனது, எத்தனை மீதம் என்ற பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் வந்து சேரும்.

இப்படிக்கு,
தாய் நல உதவிக் குழுவினர்