இறக்கையில்லாச் சுவர்க்கோழிக்கு உதவியவர்களுக்கு நன்றி மடல்

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

மேகாலயச் சுண்ணாம்புக் குகையில் கிடைத்த புதிய சுவர்க்கோழி இனத்தின் விவரிப்புக் கட்டுரை ஆய்விதழில் ஏற்கப்பட்டுவிட்டது. இனத்தின் பெயரும் குகையின் பெயரும் இங்கே இரா. விவரிப்பில்லாமல் பெயர் மட்டும் முந்தி அச்சேறினால் அது வெற்றுப் பெயர். விலங்கியல் பெயரிடல் விதிப்படி செல்லாது. குகையைச் சொன்னால், பூச்சி சேர்த்து விற்பவர்கள் நமக்கு முன்னே போய் நிற்பார்கள்.

முதல் நன்றி ஊர் மன்றமான ‘தொர்பார் ஷ்னொங்’குக்கு. அவர்கள் தலையசைக்காமல் குகை வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. காசி மொழியில் நன்றி சொல்லும் ‘குப்லேய்’ என்பதை நேரிலேயே சொல்லியாயிற்று; இங்கும் ஒருமுறை.

குகைக்குள் ஜி.பி.எஸ். எடுக்காது. நாடாவும் திசைகாட்டியும் பிடித்து வரைபடம் போட்டவர்களால்தான், எந்தப் பூச்சி வாசலிலிருந்து எத்தனை மீட்டரில் கிடைத்தது என்று எழுத முடிந்தது.

பிடித்துத் தந்தவர்களின் பொறுமை பெரிது. வீட்டு மூலையில் கத்தும் சுவர்க்கோழியைக் காதை வைத்தே தேடலாம். இதற்கு இறக்கையே இல்லை. உரச ஒன்றுமில்லாததால் சத்தமும் இல்லை, முன்னங்காலில் செவிப்பறையும் இல்லை. தலைவிளக்கை வைத்துக்கொண்டு சுவரைச் சாணளவாகப் பார்க்க வேண்டியதுதான். கையால் அமுக்கினால் பின்னங்காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். இனம் பிரிக்கத் தேவையான முட்கள் அந்தக் கணைக்காலில்தான் இருக்கின்றன! அகலவாய்ப் புட்டியைக் கவிழ்த்து, மெல்லிய தூரிகையால் உள்ளே தள்ளினீர்கள். புட்டிக்கு ஒன்று என்று வைத்ததும் சரி. இரண்டைப் போட்டால் ஒன்று மற்றதைத் தின்னும்.

கடைசிப் பருவக் குஞ்சுகளை வளர்த்துத் தந்தவர்களுக்குத்தான் பெரிய கடன். மற்றச் சுவர்க்கோழிகளில் முழு இறக்கையைப் பார்த்து ‘வளர்ந்தது’ என்று சொல்லிவிடலாம். இதில் குஞ்சும் தாயும் ஒரே அச்சு. பெண்ணின் முட்டைக்குழல் நுனிப் பற்களும் ஆணின் வயிற்றுக் கடைசித் தகடும் இறுதித் தோலுரிப்புக்குப் பின்தான் இறுகி உருப்பெறும். தலைகீழாகத் தொங்கித் தோலுரிக்கும் பூச்சி இது. பெட்டி உயரம் குறைந்தால் கால் கோணிப்போகும், ஈரத்துணி காய்ந்தால் பாதித் தோலோடு செத்துப்போகும்.

நடு இணைக் கால்களில் ஒன்றை மட்டும் 95 சதவீத எத்தனாலில் மரபணுவுக்காகவும், உடலை 80 சதவீதத்திலும் போட்டவர்களுக்கு நன்றி. முழு உடலையும் 95இல் போட்டால் மொறுமொறுத்து, தொட்டாலே கால் உதிரும். உடல் நீர் கலந்து சாராயம் நீர்த்துப்போகும் என்று மறுநாளே மாற்றியும் வைத்தீர்கள். துண்டுச்சீட்டைப் பென்சிலில் எழுதியதற்குத் தனி நன்றி: பேனா மை எத்தனாலில் கரைந்துவிட்டால், இடமும் தேதியும் தெரியாத பூச்சி வெறும் பிணம்.

இனம் பிரிக்க உதவும் ஆணின் பிறப்புறுப்பு பெரும்பாலும் சவ்வு. ஒட்டிய சதையைக் கரைக்கும் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கவிட்டால் அதுவே கரைந்துவிடும். குளிர்ந்த கரைசலில் ஊறப்போட்டு, நுண்ணோக்கியை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் நோவு வந்ததுதான் மிச்சம்.

மேகாலயத்தின் காரோ மலையிலுள்ள சிஜு குகையில் 1922இல் விலங்கியலாளர்கள் கெம்ப்பும் சோப்ராவும் சேகரித்த சுவர்க்கோழிகளைப் பற்றிப் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லூசியன் சோபார் 1924இல் எழுதினார். அவற்றோடு ஒப்பிடாமல் எதையும் ‘புதிது’ என்று சொல்லக் கூடாது. ஒப்பிட உதவிய அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு நன்றி.

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, இனப்பெயருக்கு ஆதாரமான ஒற்றைப் பூச்சியான மூலமாதிரி அரசு அங்கீகரித்த காப்பகத்துக்குப் போகிறது. கட்டுரையின் முதல் பிரதி தொர்பாருக்கு. இரண்டு தலைவிளக்குகளும் ஒரு தூரிகையும் எங்கள் பையில் கிடக்கின்றன; உரியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.