வட்டியோடு காப்பீட்டையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்கிகளின் வகைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பொதுத்துறை, தனியார், வெளிநாட்டு வங்கி, கூட்டுறவு என்று உரிமையாளரை வைத்துப் பிரித்திருந்தது. தவறில்லை. ஆனால் பணம் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, டெபாசிட் காப்பீடு, அதாவது வங்கி நொடித்தாலும் போட்ட பணத்தை ஒரு வரம்பு வரை திருப்பித் தரும் பாதுகாப்பு, உண்டா இல்லையா என்பதைத்தான்.

பொதுத்துறை வங்கிகள், தனியார் வங்கிகள், தமிழ்நாடு கிராம வங்கி போன்ற வட்டார ஊரக வங்கிகள், சிறு நிதி வங்கிகள், பேமென்ட்ஸ் வங்கிகள், நகரக் கூட்டுறவு வங்கிகள், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் எல்லாவற்றுக்கும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல், ஒருவருக்கு ஒரு வங்கியில் வரம்பு 5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. ‘சிறு’ என்ற பெயரைப் பார்த்துச் சிறு நிதி வங்கிக்குப் பயப்படுகிறார்கள். அங்கும் இதே 5 லட்சம்தான்.

இந்த 5 லட்சத்தைக் கணக்கிடுவதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அசலும் வட்டியும் சேர்ந்தது அது. 4.80 லட்சம் போட்டு வட்டி 40,000 ஏறியிருந்தால், கைக்கு வருவது 5.20 லட்சம் அல்ல, 5 லட்சம். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் மும்மூன்று லட்சமாகப் பிரித்துப் போட்டாலும் பயனில்லை, எல்லாக் கிளைகளையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வேறு வங்கியில் போட்டால் தனி வரம்பு. கணவன் மனைவி கூட்டுக் கணக்கு, தனிக் கணக்கோடு சேராது.

பேமென்ட்ஸ் வங்கி கடன் கொடுக்க முடியாது. ஒருவர் கணக்கில் நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் இருப்பு வைக்கவும் கூடாது. அதன் செயலியில் காட்டும் ஃபிக்சட் டெபாசிட் உண்மையில் இன்னொரு வங்கியில் போய் விழுகிறது. அது எந்த வங்கி என்று கேளுங்கள். அங்கே உங்களுக்கு ஏற்கெனவே டெபாசிட் இருந்தால் இரண்டும் ஒரே வரம்புக்குள் வரும்.

காப்பீடு இல்லாத இடங்களைக் கட்டுரை தொடவே இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி அல்லாத நிதி நிறுவனம், கம்பெனிச் சட்டத்தின் கீழ் உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கிக் கடன் கொடுக்கும் நிதி லிமிடெட் ஆகிய மூன்றிலும் போடும் பணம் இந்தக் காப்பீட்டில் வராது. பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் சங்கத்தைப் போல் கைகொடுக்கும் அமைப்பு கிராமத்தில் வேறில்லை, அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் ஓய்வூதியப் பணம் மொத்தத்தையும் அங்கே போடுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ரசீதின் தலைப்பை முதலில் பாருங்கள்: ‘வங்கி’ என்று இல்லாமல் ‘கடன் சங்கம்’ என்றோ ‘நிதி லிமிடெட்’ என்றோ இருந்தால் காப்பீடு இல்லை. சந்தேகம் என்றால் கழகத்தின் இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் இருக்கிறது.

ஒரு வங்கியில் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டால், 2021 சட்டத் திருத்தத்தின்படி 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை வர வேண்டும். டெபாசிட்தாரர்களின் பட்டியலை வங்கி கொடுக்க 45 நாள், கழகம் சரிபார்த்துப் பணம் தர 45 நாள். கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்றுகள்) புதுப்பிக்காத கணக்குகள்தான் இதில் சிக்கிக்கொள்ளும்.

டெபாசிட் வட்டி அட்டவணை வெளியிடும்போது ‘காப்பீடு உண்டு / இல்லை’ என்று ஒரு பத்தியைச் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
ஈரோடு